பின்மண்டையில் 10 ஹெர்ட்ஸ்: பார்வைப் புறணியின் மின் தாளத்தை நாமே அளப்பது எப்படி

கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். படுக்கும்போது தலையணை படும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எலும்புக்கு உள்பக்கம், நொடிக்குப் பத்து முறை என்ற அளவில் ஒரு மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணைத் திறந்ததும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் அது அமுங்கிவிடும். மூடினால் திரும்ப வரும். இதற்கு ஆல்ஃபா தாளம் என்று பெயர், 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை. மூளையின் மின் வேலையில் வெறும் கண்ணால் திரையில் பார்த்தே அடையாளம் காணக்கூடியது என்று ஒன்று இருந்தால் அது இதுதான், அதனால்தான் இஇஜி (தலைத்தோலில் மின்முனை வைத்து மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது) பழகுகிறவர்கள் எல்லோரும் இங்கிருந்து தொடங்குகிறார்கள்.

இதை முதலில் மனிதத் தலையில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924இல், கட்டுரை வெளியிட்டது 1929இல். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பெரும்பகுதி சந்தேகத்திலேயே போனது: இது இதயத் துடிப்போ, தலைத்தோலின் ரத்த ஓட்டமோ, தசையோ, கருவியின் கோளாறோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக்கொண்டிருந்தார். தன் மகன் கிளாவுஸின் தலையிலும் பதிவு எடுத்தார். வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்து பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் (ஏட்ரியன் அதற்கு இரண்டு வருடம் முன்பே நோபல் வாங்கியவர்) உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாளம் தலையின் பின்பக்கத்திலிருந்து, பார்வைக்கான பகுதியிலிருந்து வருகிறது என்று சொன்னதும் அவர்கள்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று கருவி வாங்கி, தலையில் மாட்டி, அதிர்வெண் வரைபடத்தில் 10 ஹெர்ட்ஸில் ஒரு மேடு வரவைப்பதற்கு ஒரு மதியம் போதும். அந்த மேடு உண்மையிலேயே பார்வைப் புறணியிலிருந்துதான் (மூளையின் வெளி அடுக்கில் பார்வைக்கான பகுதி) வந்தது என்று உங்களுக்கு நீங்களே நிரூபிப்பதுதான் வேலையே. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி எப்படி அளப்பது, மீதி பாதி எப்படி ஏமாறாமல் இருப்பது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது கற்றுக்கொள்வதற்கான அளவீடு, நோய் கண்டுபிடிப்பதற்கு அல்ல. உங்கள் வரைபடத்தில் ஏதோ கூர்மையாக இருக்கிறது என்று நீங்களே வலிப்பு நோய் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அதைப் படிக்க வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

எதைத்தான் அளக்கிறோம்

புறணி என்பது 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மடிப்பு மடிப்பான தாள். அதில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் வயலில் நாற்று நட்டதுபோல் ஒரே திசை பார்த்து நிற்கின்றன. ஒரு அணுவின் மின்னோட்டம் தலைக்கு வெளியே தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் அணுக்கள் ஒரே நேரத்தில் உள்ளீடு வாங்கும்போது அந்தச் சின்ன ஓட்டங்கள் ஒன்றோடொன்று கூடி, மூளைநீர், எலும்பு, தோல் எல்லாவற்றையும் தாண்டி, 30 மைக்ரோவோல்ட் போல ஒன்றாக வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு சாதாரண பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டை 50,000 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு.

இதில் இரண்டு விஷயங்கள் மனதில் இருக்க வேண்டும். ஒன்று, எலும்பு எல்லாவற்றையும் பரப்பிக் கலக்கிவிடுகிறது, ஆகவே பின்மண்டையில் வைத்த மின்முனை அதற்கு நேர் கீழே இருப்பதை மட்டும் கேட்கவில்லை. இன்னொன்று, முதன்மைப் பார்வைப் புறணியின் பெரும்பகுதி இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் உள்ள கால்கரைன் என்ற பிளவுக்குள் மடிந்து கிடக்கிறது. பிளவின் மேல் கரையும் கீழ் கரையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், இரண்டும் சேர்ந்து இயங்கினால் வெளியே ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே காட்சியைக் காட்டினாலும் அலையின் வடிவம் வெவ்வேறாக வருவதற்கு இந்த மடிப்பு ஆளுக்கு ஆள் மாறுவது ஒரு முக்கியக் காரணம். உங்கள் அலை பாடப்புத்தகப் படம்போல இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

கருவி

தேவை: ஒரு பெருக்கி, குறைந்தது மூன்று மின்முனைகள் (அளப்பதற்கு ஒன்று, ரெஃபரன்ஸ் ஒன்று, கிரவுண்டு ஒன்று), கடத்தும் ஜெல் அல்லது பேஸ்ட், ஒரு தையல்காரர் டேப், ஒரு கணினி. ஐந்தாறு சேனல் இருந்தால் இன்னும் நல்லது, ஏன் என்று பின்னால் புரியும்.

பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்களிடம் அதிகம் புழங்குவது ஏடிஎஸ்1299 என்ற சிப்பை வைத்துக் கட்டிய பலகைகள். 8 சேனல், 24 பிட், எல்லாம் அதற்குள்ளேயே. ஓபன்பிசிஐ சைட்டன் பலகையில் இருப்பதும் இந்தச் சிப்தான், நொடிக்கு 250 மாதிரி எடுக்கும், பேட்டரியில் ஓடும். நமக்கு 250 தாராளம்: அதில் பாதியான 125 ஹெர்ட்ஸ் வரை பார்க்க முடியும், நம் வேலை 40ஐத் தாண்டாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தியானத்துக்கென்று விற்கும் சில தலைப்பட்டைகளில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மட்டும்தான் மின்முனை இருக்கும். அதில் ஆல்ஃபா கொஞ்சம் கசிந்து தெரியும், ஆனால் பார்வைப் பகுதியை அளந்தேன் என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பு பற்றி ஒரே வரி, ஆனால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது: தலையில் கம்பி இருக்கும்போது பெருக்கி பேட்டரியில்தான் ஓட வேண்டும், அதோடு கம்பியால் இணைந்திருந்தால் லேப்டாப்பின் சார்ஜரையும் கழற்றிவிட வேண்டும். சுவர் மின்சாரத்தோடு சேர்த்துச் சொந்தமாகக் கட்டிய சுற்று எதையும் தலையில் மாட்டாதீர்கள்.

மின்முனைகளில் வெள்ளி-வெள்ளி குளோரைடு வகைதான் என் தேர்வு. தங்க முலாம் பூசியதும் ஆல்ஃபாவுக்குப் போதும். இரண்டையும் கலக்காதீர்கள். வேறு வேறு உலோகம் ஜெல்லில் பட்டால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, அடிக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். சீப்புப் பல்போல நீட்டிய உலர் மின்முனைகளும் இருக்கின்றன, முடிக்கு நடுவே நுழையும், வசதிதான், ஆனால் லேசாக அசைந்தாலும் கூச்சல் போடும்.

இடம் பார்ப்பது

இதில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு இரண்டு மணி நேரம் மென்பொருளில் தேடுகிறார்கள். 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட பத்து-இருபது முறையைப் பின்பற்றினால் போதும். தலை பெரிதோ சிறிதோ, சதவீதத்தில் அளப்பதால் எல்லோருக்கும் ஒரே இடம்.

மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்துக்கு நேசியன் என்று பெயர். பின்மண்டையின் நடுவில், கழுத்து முடியும் இடத்தில் விரலால் தடவினால் ஒரு எலும்பு மேடு படும், அது இனியன். சிலருக்கு அது மொழுக்கென்று துருத்திக்கொண்டு இருக்கும், சிலருக்குத் தேட வேண்டும், தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னால் கழுத்துத் தசை ஒட்டும் விளிம்பு தெரியும். நேசியனிலிருந்து உச்சி வழியாக இனியன் வரை டேப்பால் அளங்கள். 36 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இனியனிலிருந்து அதில் பத்து சதவீதம், அதாவது 3.6 சென்டிமீட்டர் மேலே நடுக்கோட்டில் ஒரு புள்ளி. அதுதான் ஓ-ஸெட். நடுத்தூரமான 18 சென்டிமீட்டரில் சி-ஸெட், அதாவது உச்சி.

அடுத்து ஓ-ஸெட் வழியாகவும், நேசியனுக்குப் பத்து சதவீதம் மேலே உள்ள நெற்றிப் புள்ளி வழியாகவும் தலையைச் சுற்றி அளங்கள். 56 சென்டிமீட்டர் என்றால் அதில் ஐந்து சதவீதம் 2.8. ஓ-ஸெட்டிலிருந்து இடப்பக்கம் 2.8 தள்ளி ஓ1, வலப்பக்கம் ஓ2. ஒற்றை எண் இடம், இரட்டை எண் வலம், எல்லா இடத்துக்கும் இதே விதி.

எனக்கு நான்கு சேனல் மட்டும் கொடுத்தால் ஓ1, ஓ-ஸெட், ஓ2, நெற்றியில் ஒன்று என்று போடுவேன். நெற்றி எதற்கு என்று கேட்பீர்கள். அது சாட்சி. பின்னால் வருகிறேன்.

ரெஃபரன்ஸ் விஷயத்தில் பலர் தடுமாறுவார்கள். இஇஜியில் தனியாக ஒரு இடத்தின் மின்னழுத்தம் என்று எதுவும் கிடையாது, எப்போதும் இரண்டு இடங்களின் வித்தியாசம்தான் கிடைக்கும். ரெஃபரன்ஸைப் பின்மண்டைக்குப் பக்கத்திலேயே வைத்தால் இரண்டு இடத்திலும் அதே ஆல்ஃபா இருக்கும், கழித்தால் மிஞ்சுவது சொற்பம். காது மடலோ, காதுக்குப் பின்னால் உள்ள எலும்போ நல்ல தொடக்கம். அங்கேயும் கொஞ்சம் கசிவு உண்டு, அதனால் அலை உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். உச்சியான சி-ஸெட்டில் வைப்பதும் நடைமுறையில் உண்டு. எதை வைத்தாலும் எழுதி வையுங்கள், அடுத்த முறையும் அதையே வையுங்கள். கிரவுண்டு எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை, நெற்றியிலோ மற்றொரு காதிலோ போடலாம்.

மாட்டுவது

தலை கழுவி, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முடியைச் சீப்பின் முனையால் பிரித்து, தோல் தெரிந்த இடத்தில் சுரசுரப்பான சுத்தப்படுத்தும் பசையைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். நோக்கம் இறந்த தோல்படலத்தை எடுப்பது, ரத்தம் வரவழைப்பது அல்ல. பிறகு ஜெல், அதன்மேல் மின்முனை, அதன்மேல் ஒரு பட்டை.

இம்பீடன்ஸ் (மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள மின்தடை) பழைய கணக்குப்படி 5 கிலோ ஓமுக்குக் கீழே. இப்போதைய பெருக்கிகள் 10, 20 வந்தாலும் சமாளிக்கும். எண்ணைவிட முக்கியம், எல்லா மின்முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருப்பது. ஒன்றில் 4, இன்னொன்றில் 60 என்று இருந்தால் அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சல் அந்த வித்தியாசத்தின் வழியாக உள்ளே நுழைந்துவிடும்.

ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். ஓ1இல் போட்டது வழிந்து ஓ-ஸெட்டைத் தொட்டுவிட்டால் இரண்டும் மின்சாரப்படி ஒரே மின்முனை ஆகிவிடும். திரையில் இரண்டு சேனலும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஓடுகிறது, என்ன அழகான ஒத்திசைவு என்று நான் ஒரு மாலை முழுவதும் பூரித்துப்போயிருந்தேன். தலையைத் துடைக்கும்போதுதான் நடுவே ஜெல் பாலம் இருந்தது தெரிந்தது.

பதிவுக்கு முன் ஐந்து நிமிடம்

நேரடியாக ஓடும் அலையைப் பார்த்தபடி இதையெல்லாம் செய்து பாருங்கள். கண்ணை நாலைந்து முறை கொட்டச் சொல்லுங்கள்: நெற்றிச் சேனலில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய பெரிய குன்றுகள் வர வேண்டும், பின்னால் மிகச் சின்னதாக. தலைகீழாக இருந்தால் கம்பியை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள்: எல்லாச் சேனலும் தடித்த தூரிகைக் கோடாக மாறும். அந்த முகத்தை நினைவில் வையுங்கள், தசையின் முகம் அது. கையசைத்துக் கம்பியை ஆட்டிப் பாருங்கள், அந்த வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (அமெரிக்கா போன்ற நாடுகளில் 60) எப்போதும் கொஞ்சம் இருக்கும். அலை முழுவதும் அதுவாகவே இருந்தால் அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டுகிற நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைக்காதீர்கள். பெரும்பாலும் கிரவுண்டு கழன்றிருக்கும், அல்லது ஒரு மின்முனை தோலில் படவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு மிச்சத்துக்கு ஃபில்டர் போடலாம்.

உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்மண்டைக்கென்றே உள்ள தொல்லை இது. ஓ1, ஓ2 இரண்டுக்கும் கீழே கழுத்துத் தசை தொடங்குகிறது. தலையை விறைப்பாக நிமிர்த்தி வைத்திருந்தால் 20 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் தசை இரைச்சல். நாற்காலியில் பின்மண்டையைச் சாய்த்தால் மின்முனை நசுங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் அலை மிதக்கும். கழுத்தை மட்டும் தாங்குகிற மாதிரி ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, மோவாயைச் சற்றே இறக்கி, தோளைத் தளர்த்தி உட்காருவதுதான் எனக்குக் கடைசியில் சரிப்பட்டது.

கண் மூடல், கண் திறப்பு

அடிப்படைச் சோதனை இது. ஒரு நிமிடம் கண் திறந்து எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி, ஒரு நிமிடம் மூடியபடி, இப்படி மாற்றி மாற்றி நான்கு முறை. மொத்தம் எட்டு நிமிடம். ஒரேயடியாக நான்கு நிமிடம் திறந்து, நான்கு நிமிடம் மூடி என்று எடுக்காதீர்கள். கண்ணை மூடிய மூன்றாவது நிமிடத்தில் ஆள் லேசாகத் தூங்கத் தொடங்கிவிடுவார், ஆல்ஃபா உடைந்து 4 முதல் 7 ஹெர்ட்ஸ் வரையுள்ள மெதுவான தீட்டா எட்டிப்பார்க்கும். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது கண்ணை அல்ல, விழிப்பையும் உறக்கத்தையும்.

மாறும் ஒவ்வொரு தருணத்தையும் கோப்பிலேயே குறியிடுங்கள், விசைப்பலகையில் ஒரு பொத்தான் போதும். கடிகாரம் பார்த்துத் தாளில் எழுதினால் இரண்டு மூன்று நொடி எப்படியும் பிசகும். சைகை ஒலியாக இருக்கட்டும், மூடிய கண்ணுக்குத் திரையில் எழுதிக் காட்ட முடியாது.

கணக்கு

நிரலாக்கம் தெரிந்தால் பைத்தானில் எம்என்இ, மேட்லாப் வைத்திருந்தால் இஇஜிலாப், இரண்டுமே இலவசம் (மேட்லாப்புக்குத்தான் காசு). படிகள் எதில் செய்தாலும் ஒன்றுதான்.

1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தள்ளுகிற ஃபில்டர். பிறகு குறிகளை வைத்து மூடிய பகுதி, திறந்த பகுதி என்று பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு நொடியை எறிந்துவிடுங்கள், இமை அசைந்த அலை அதில்தான் இருக்கும். மீதியில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய துண்டுகளையும் கழித்துவிடுங்கள்.

அடுத்து வெல்ச் முறை. நீண்ட பதிவைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு, சராசரி எடுப்பது. துண்டின் நீளம்தான் இங்கே முக்கியமான முடிவு. 1 நொடித் துண்டு என்றால் 1 ஹெர்ட்ஸ் துல்லியம்தான் கிடைக்கும், 9.6க்கும் 10.2க்கும் வேறுபாடு தெரியாது. 4 நொடித் துண்டு என்றால் கால் ஹெர்ட்ஸ். 250 மாதிரி வேகத்தில் அது 1,000 மாதிரி, பாதிக்குப் பாதி மேலேற்றி அடுக்கினால் ஒரு நிமிடத்தில் 29 துண்டுகள் வரும். ஆல்ஃபாவுக்கு இது நல்ல சமரசம். ஓரங்களை மழுக்க ஹான் சாளரத்தை மறக்க வேண்டாம்.

வரைந்து பார்த்தால் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் சரிகிற ஒரு மலைச்சரிவு, அதன்மேல் 10 பக்கத்தில் ஒரு திமில். அந்தச் சரிவு எல்லா மூளையிலும் இருக்கிறது, அது தாளம் அல்ல. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: 8 முதல் 13 வரை உள்ள பவரைக் கூட்டி “இதுதான் என் ஆல்ஃபா” என்று ஒரு எண் சொல்வார்கள். திமிலே இல்லாவிட்டாலும் சரிவு அங்கே இருக்குமே, அந்தக் கூட்டல் எப்போதும் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும்! முதலில் திமில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், பிறகு சரிவுக்கு மேலே அது எவ்வளவு எழுந்திருக்கிறது என்று அளங்கள். சரிவையும் திமிலையும் பிரித்துப் பொருத்தித் தருகிற ஸ்பெக்பாரம் என்ற இலவசக் கருவியும் இருக்கிறது.

ஒப்பிடும்போது விகிதம் எடுங்கள். திமிலின் உச்சி இருக்கும் அதிர்வெண்ணில் மூடிய பவரைத் திறந்த பவரால் வகுத்து, மடக்கை எடுத்துப் பத்தால் பெருக்கினால் டெசிபல். பவர் இரண்டு மடங்கு என்றால் 3, நான்கு மடங்கு என்றால் 6. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் பவர் நான்கு மடங்கு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இது மூளைதானா?

திமில் வந்துவிட்டது, கண் மூடினால் ஏறுகிறது, திறந்தால் இறங்குகிறது. முடிந்ததா? இல்லை. கண்ணை மூடும்போது மாறுவது பார்வைப் புறணி மட்டுமல்ல. சிலர் கண்ணை மூடினால் இமை படபடக்கும், அந்தப் படபடப்பும் நொடிக்கு எட்டு பத்து முறை என்று வந்து ஆல்ஃபா வேடம் போடும். அதற்குத்தான் நெற்றிச் சாட்சி. திமில் ஓ-ஸெட்டில் பெரிதாக, நெற்றியில் சின்னதாக இருந்தால் நல்லது. நெற்றியில்தான் பெரிது என்றால் அது இமை. காதை ரெஃபரன்ஸாக வைத்தால் அங்கே கசிந்த ஆல்ஃபா நெற்றியிலும் தலைகீழாகத் தெரியும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு போலி, உடலியக்கப் பகுதியின் மியூ தாளம். அதுவும் அதே 8 முதல் 13தான், ஆனால் இடம் உச்சிக்கு இருபக்கமும், கண் திறப்பதைப் பற்றி அது அதிகம் கவலைப்படாது, கையை மடக்கி நீட்டினால் அமுங்கும். ஆகவே கண்ணை மூடியபடியே கையை மடக்கி நீட்டி ஒரு நிமிடம் பதிவு எடுங்கள். பின்மண்டைத் திமில் பெரிதாக மாறக் கூடாது.

அப்புறம் பெர்கரே கவனித்த சோதனை: கண்ணை மூடியபடி மனக்கணக்கு. ஆயிரத்திலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பலருக்கு இமை அசையாமலேயே ஆல்ஃபா குறையும். கண்ணிமையையும் வெளிச்சத்தையும் தொடாமல் தாளத்தை மாற்ற முடிந்தது என்றால் உங்கள் திமிலுக்கு இன்னொரு சான்று கிடைத்தது. உதட்டை அசைத்து எண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தசைதான் பதிவாகும்.

கருவி மேலேயே சந்தேகம் வந்தால், மின்முனைகளை உப்புநீரில் நனைத்த ஒரு பஞ்சுத் தட்டையில் குத்தி அதே எட்டு நிமிடத்தை அதே நிரலில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சுக்கு 10 ஹெர்ட்ஸ் வந்தால், உங்களுக்கு வந்ததும் பஞ்சுக்கு வந்ததுதான்.

திமிலே வராதவர்கள்

எல்லோருக்கும் பெரிய ஆல்ஃபா இருக்காது. முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் கண்ணை மூடினால் ஒன்றுமே எழாதவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவருக்கு மின்முனையை மூன்று முறை கழற்றி மாட்டினேன், கம்பி மாற்றினேன், நிரலைத் திருத்தினேன், அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தப்பு என்னிடமா அவர் மூளையிடமா என்று பிரித்தறிய வழி தெரியவில்லை. அந்த வழியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மினுக்கும் ஒளியும் பின்தொடரும் புறணியும்

ஒரு ஒளியை நொடிக்கு 15 முறை மினுக்கினால் பார்வைப் புறணியும் 15 ஹெர்ட்ஸில் பின்தொடரும், அதன் மடங்குகளான 30, 45இலும் சின்னச் சின்ன முனைகள் எழும். நிலைத்த பார்வைத் தூண்டல் பதில் என்று சொல்லலாம், புழக்கத்தில் எஸ்எஸ்விஇபி. ஆல்ஃபா தானாக வருவது, எப்போது ஏறும் இறங்கும் என்று நம் கையில் இல்லை. இதில் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது நாம், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மினுக்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும், குறிப்பாக 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை அபாயம் கூடுதல். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சி ஒளிபரப்பானபோது 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தனக்கோ குடும்பத்திலோ வலிப்பு இருப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், குழந்தைகள் யாரையும் இதில் உட்கார வைக்காதீர்கள். தனியாகச் செய்யாதீர்கள். திரை முழுவதையும் மினுக்காமல் நடுவில் ஒரு சின்னச் சதுரம், சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே, சிவப்பு வேண்டவே வேண்டாம், அறை விளக்கு எரியட்டும். தலை கனத்தாலோ கண் கூசினாலோ நிறுத்திவிடுங்கள்.

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்றால் நினைத்த அதிர்வெண்ணெல்லாம் கிடைக்காது, 60ஐ முழு எண்ணால் வகுத்து வருவதுதான் சுத்தமாக வரும். ஒரு புதுப்பிப்பு ஒரு சட்டகம். 4 சட்டகத்துக்கு ஒரு சுற்று என்றால் 15 ஹெர்ட்ஸ், 5 என்றால் 12, 6 என்றால் 10, 8 என்றால் 7.5. பத்தைத் தொடாதீர்கள், அங்கே ஆல்ஃபா உட்கார்ந்திருக்கிறது, யாருடைய மேடு எது என்று தெரியாது. அபாய வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்றால் 7.5 நல்ல தேர்வு. வலுவான பதில் பொதுவாக 15 சுற்றுவட்டாரத்தில் வரும். சுவர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாட்டில் 12இன் ஐந்தாம் மடங்கும் 15இன் நான்காம் மடங்கும் 60இலேயே விழும், அந்த முனையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

இருபது நொடி பார்ப்பது, இருபது நொடி ஓய்வு, பத்து முறை. ஒவ்வொரு முறையும் முதல் ஒரு நொடியைத் தள்ளுங்கள், தொடக்க அதிர்ச்சி அதில் இருக்கும். கணக்குத் துண்டின் நீளத்தில் முழுச் சுற்றுகள் அடங்க வேண்டும். 4 நொடித் துண்டில் 7.5 ஹெர்ட்ஸ் சரியாக 30 சுற்று, முனை ஒரே புள்ளியில் ஊசிபோல எழும். 3.9 நொடி என்று எடுத்தால் அதே ஆற்றல் பக்கத்துப் புள்ளிகளில் வழிந்து மழுங்கிவிடும். அளவுக்கு, முனைப் புள்ளியின் பவரை இருபக்கமும் உள்ள நாலைந்து பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் வகுங்கள். 1 என்றால் ஒன்றுமில்லை. 3, 4 என்று மறுபடி மறுபடி வந்தால் பேசலாம்.

இதற்கும் ஒரு ஏமாற்று உண்டு. திரையும் மின்சாரக் கருவிதான், மினுக்கும்போது அதன் சுற்றுகளும் அதே வேகத்தில் இரையும், கம்பி அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு தடித்த அட்டையால் திரையை மறைத்துவிட்டு, ஆளை அதே இடத்தில் உட்கார வைத்து, கண் திறந்தபடி, மினுக்கலை ஓடவிட்டு மறுபடி பதிவு எடுங்கள். முனை காணாமல் போக வேண்டும். அட்டைக்குப் பின்னாலும் 15 ஹெர்ட்ஸ் நின்றால் அது உங்கள் கேபிள்.

அந்த நண்பருக்கு 15 ஹெர்ட்ஸில் ஓ-ஸெட்டில் ஊசிபோல முனை எழுந்தது, அட்டை வைத்ததும் போனது. ஆக மின்முனை சரியான இடத்தில்தான் இருந்தது, ஜெல்லும் சரி, நிரலும் சரி. அவருக்கு ஆல்ஃபா அவ்வளவுதான். மூன்று மணி நேரம் உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

காமா ஆசை வந்தால்

பார்வைப் புறணியில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் காமா தாளமும் உண்டு, பெரிய கோட்டுக் கட்டங்களைக் காட்டினால் தலைக்கு வெளியிலிருந்தும் சிலரிடம் பிடிக்க முடியும். ஆனால் மூன்று சேனலோடு அங்கே போகாதீர்கள் என்பது என் கருத்து. தசை இரைச்சல் முழுக்க அந்த வரம்பில்தான் இருக்கிறது. அதோடு நாம் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும்போதும் கண் நொடிக்கு ஒன்றிரண்டு முறை மிகச் சின்னதாகத் துள்ளுகிறது. அந்தத் துள்ளலின் கண்தசை மின்சாரம் இஇஜியில் காமா மாதிரியே தெரியும் என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டியபோது, அதுவரை காமா என்று எழுதப்பட்ட பலவற்றை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கண் அசைவைத் தனியாகப் பதிவு செய்ய வழியில்லாதவரை 40 ஹெர்ட்ஸுக்கு மேலே எழுவதையெல்லாம் தசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் பல்லை லேசாகக் கடித்துவிட்டு அதே வரைபடத்தை மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.